ஸ்ப்ரிங் எங்க கெடைக்கும்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டுலயே சின்னதா ஒரு மாடுலர் சிந்தசைசர் (தனித்தனி பேனலா சேர்த்துக் கட்டுற மின்னணு இசைக் கருவி) கட்டிட்டு இருக்கேன். ஐசி, ரெசிஸ்டர் எல்லாம் சிங்கப்பூர் சிம் லிம் டவர்ல வாங்கியாச்சு. நாப், பேனல், ஸ்க்ரூ மட்டும் ஒண்ணோட ஒண்ணு சேர மாட்டேங்குது. என்ன பண்றது? (பாலிடெக்னிக் மாணவன், யீஷூன்)

பதில்: தம்பி, பத்து கே (பத்தாயிரம் ஓம்) ரெசிஸ்டர் எந்தக் கடையில வாங்குனாலும் பத்து கே தான். இரும்பு சாமான் அப்படி இல்ல, மில்லிமீட்டர்காரன் ஒரு பக்கம் இழுப்பான், அங்குலக்காரன் ஒரு பக்கம் இழுப்பான். நானே ஒரு தடவ ஆன்லைன்ல மலிவா இருக்கேன்னு 40 நாப் வாங்குனேன், வந்து பாத்தா ஓட்டை 6.35 மில்லி, அதாவது கால் அங்குலம், என்கிட்ட இருக்குற பொட்டென்ஷியோமீட்டரோட (நாப் மாட்டித் திருப்புற ரெசிஸ்டர்) தண்டு 6 மில்லி, மாட்டுனா ஆடுன பல்லு மாதிரி ஆடுது. இப்ப அதெல்லாம் ஒரு மைலோ டின்ல கெடக்கு, என் மக அதை வச்சுப் பல்லாங்குழி ஆடுறா.

அதனால ஒரு டிஜிட்டல் காலிப்பர் மொதல்ல வாங்குங்க. தண்டு உருண்டையா, ஒரு பக்கம் சீவுன டி ஷேப்பா, பல்லு வெட்டுனதான்னும் பாத்துக்குங்க. நீங்க கட்டுறது யூரோராக்ங்கிற அளவு முறையிலன்னா, அளவெல்லாம் 1995ல ஜெர்மனி டோப்ஃபர் கம்பெனி ஏ-100 கொண்டு வந்ததுல இருந்து வர்றது தான்: உயரம் 128.5 மில்லி, அகலத்துல ஒரு எச்பி 5.08 மில்லி. ஆனா 10 எச்பி பேனல்னா 50.8னு வெட்டிடாதீங்க, 50.5 தான் வெட்டணும், இல்லன்னா பக்கத்துப் பேனலோட உரசும். பேனலை முடுக்குற ரெயிலுக்குப் பெரும்பாலும் எம்3 (3 மில்லி) ஸ்க்ரூ, சிலதுக்கு எம்2.5. ரெயில்ல ஒரு துண்டைக் கையில எடுத்துக்கிட்டு ஜாலான் புசார் பக்கம் ஹார்ட்வேர் கடைக்குப் போங்க. பேரு சொல்லிக் கேட்டா அங்கிள் முழிப்பாரு, சாமானைக் காட்டுனா டிராயரைத் தானா இழுப்பாரு.

கேள்வி: கலிம்பா (கட்டை விரலால உலோகக் கம்பியை மீட்டுற ஆப்பிரிக்க வாத்தியம்) மாதிரி ஒண்ணு செஞ்சு, அதிர்வை மின்சாரமா மாத்துற பீசோ வட்டு ஒட்டியிருக்கேன். ஸ்பீக்கர்ல தகர டப்பா சத்தம் தான் வருது. கம்பியை மாத்தணுமா, பீசோவை மாத்தணுமா? (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: பீசோ மேல பழி போடாதீங்கம்மா. 27 மில்லி பித்தளை வட்டு சுமார் 20 நானோஃபாரட் கெப்பாசிட்டர் மாதிரி நடந்துக்கும், அதை 10 கே லைன் இன்புட்ல நேரா சொருகுனா 800 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்குற அடி சத்தமெல்லாம் கரைஞ்சிடும், தகரம் மட்டும் தான் மிஞ்சும். நடுவுல டிஎல்072ங்கிற ஐசி வச்சு 1 மெகாஓம் இன்புட் இருக்குற பஃபர் (சிக்னலை இழக்காம வாங்கிக் குடுக்குற சர்க்யூட்) ஒண்ணு போடுங்க, அதே வட்டு 8 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கும்.

அடுத்தது கம்பி, எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம். மோட்டார் பைக் சாமான் கடையில ஃபீலர் கேஜ் கேளுங்க, வால்வு இடைவெளி பாக்குற தகடுக் கட்டு அது. அருமையான ஸ்ப்ரிங் ஸ்டீல், ஒவ்வொரு தகட்டுலயும் கனம் எத்தனைன்னு அச்சடிச்சே இருக்கும். 0.7, 0.8 மில்லி தகடைக் கம்பியா வச்சா நல்லாப் பாடும், ரெண்டு மூணு கட்டு வாங்க வேண்டி வரும். பழைய கார் வைப்பருக்குள்ள ஓடுற ரெண்டு எஃகுப் பட்டையும் சும்மா கெடைக்கும், ஆனா மெல்லிசு, சத்தமும் மெல்லிசு தான். வெட்டும்போது ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க, நீளத்தைப் பாதியாக்குனா ஒரு ஸ்தாயி இல்ல, ரெண்டு ஸ்தாயி ஏறும். ஒரு ஸ்தாயி வேணும்னா 100 மில்லியை 71 ஆக்குனா போதும். தகட்டோட அகலம் சுருதியை மாத்தாது. சிவக்கக் காய்ச்சி மட்டும் வளைக்காதீங்க, எஃகோட முறுக்கு போயிடும், அப்புறம் மீட்டுனா ணங்குன்னு வராது, தொப்புன்னு விழும். கம்பியை அமுக்குற பட்டை ஆடுதான்னும் பாருங்க, வீணை மெட்டு மெழுகுல ஒழுங்கா உக்காரலன்னா எப்படி ஜிர்ருன்னு வருமோ அதே கதை தான் இங்கயும்.

கேள்வி: சுங்கை ரோடு சந்தை போனதுல இருந்து பழைய சாமான் பிரிச்சு எடுக்கவே வழி இல்ல. (வாசகர், பிடோக்)

பதில்: 2017 ஜூலை 10ல மூடுனாங்க, எனக்கும் இன்னும் ஆறல. ஆனா உங்க புளோக்குக்கு வர்ற கரங்குனி (பழைய சாமான் வாங்குற) அங்கிள்கிட்ட பழைய பிரிண்டர் வேணும்னு சொல்லி வைங்க. ஒரு இங்க்ஜெட் பிரிண்டருக்குள்ள வழவழன்னு ஒரு எஃகு ராடு, மோட்டார், பல்லு பெல்ட்டு, கை நெறைய ஸ்ப்ரிங் இருக்கும், அந்த ராடை ரெண்டு முனையில இருந்தும் சுமார் கால்வாசி நீளம் உள்ள தள்ளி ரப்பர்ல நிறுத்தி பீசோ வச்சுத் தட்டிப் பாருங்க, கோயில் மணி மாதிரி நிக்கும். மைக்ரோவேவ் மட்டும் குடுத்தா வாங்காதீங்க, பிளக்கைக் கழட்டுனதுக்கு அப்புறமும் அதோட கெப்பாசிட்டர்ல உயிரை எடுக்குற அளவுக்கு மின்சாரம் நிக்கும்.