நஞ்சுக்கொடி காக்கும்தான், இருந்தாலும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

சகோதரி, ஏழாம் மாதம், சிறுநீர் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில்) ஈ.கோலை என்ற பாக்டீரியா, எரிச்சலோ காய்ச்சலோ இல்லை, "நஞ்சுக்கொடி பார்த்துக்கொள்ளும், மாத்திரை எதற்கு?" என்கிறார் மாமியார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவர் சொல்வதில் பாதி சரி. நஞ்சுக்கொடியில் தாயின் ரத்தம் படும் மேற்பரப்பில் செல்கள் தனித்தனியாக இல்லை. ஒன்றோடொன்று கலந்து, நடுவில் இடைவெளியே இல்லாத ஒரே விரிப்பாக இருக்கும். கிருமி நுழையச் சந்து கிடைப்பது கஷ்டம். நஞ்சுக்கொடிச் செல்களில் டோல்-லைக் ரிசெப்டர் என்ற உணரிகளும் உண்டு. பாக்டீரியாவின் சுவர்த் துணுக்கு பட்டாலே சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரந்து வெள்ளையணுக்களை வரவழைக்கும்.

சிக்கலே அங்கேதான். அந்த அழற்சி அளவு மீறினால் கருப்பையைச் சுருங்க வைக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் கூடி, பிரசவ வலி தொடங்கி, குறைப்பிரசவம் வரை போகலாம். அதற்குக் கிருமி குழந்தையைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை. கர்ப்பத்தில் அறிகுறியில்லாத தொற்றும் சிறுநீரகத்துக்கு ஏறிவிடலாம்; மருந்து அதற்காகத்தான். (மாமியாரிடம் அந்த 'பாதி சரி'யை முதலில் சொல்லுங்கள், மீதி சுலபமாக இறங்கும்.)

டாக்டர் எழுதிய ஆன்டிபயாடிக்கை முழுதாக முடித்துவிட்டு, மறுபடி கல்ச்சர் எப்போது என்று கேளுங்கள். கடலூர் வெயிலுக்குத் தண்ணீர் நிறையக் குடியுங்கள். குளிர்காய்ச்சல், விலாப்பக்க வலி, வயிறு விட்டுவிட்டு இறுகுவது, நீர்க்கசிவு எதுவானாலும், நடுராத்திரி என்றாலும் மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.