மாசி வீதியில் இசைப் பள்ளி: முகப்பில் தூண் வைக்கலாமா?

கேள்வி: நான் பி.ஆர்க் (கட்டடக்கலை) நான்காம் ஆண்டு மாணவி. மதுரை வடக்கு மாசி வீதியில் 22 அடி அகலம், 110 அடி நீளமுள்ள மனையில் ஓர் இசைப் பள்ளியை வடிவமைக்க வேண்டும். பழைய வீதி என்பதால் முகப்பில் தூணும் வளைவும் வைக்கச் சொல்கிறார் கைடு. போன வருடம் அப்படி வைத்தவர்களை ஜூரியில் (டிசைனைப் பார்த்து மதிப்பெண் போடும் குழுவில்) ‘கல்யாண மண்டபம்’ என்று கிண்டல் செய்தார்களாம். அந்தத் தெருவின் அளவெடுத்த வரைபடங்களை 8,000 ரூபாய்க்குத் தருவதாக ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். வாங்காதீர்கள்.

ஜூரியில் உட்கார்ந்தபோது ஒருமுறை மூன்று வெவ்வேறு வருட மாணவர்களின் ஷீட்டில் (வரைபடத் தாளில்) ஒரே திண்ணையைப் பார்த்தேன். தூண் நான்கு, படி மூன்று, ஓரத்தில் ஒரு வேப்பமரம். நேரில் போனால் அங்கே இருந்தது செல்போன் கடை. திண்ணையை இடித்துப் பல வருடம் ஆகிவிட்டது என்றார் எதிர்வீட்டுப் பெரியவர். விற்கிறவருக்கு என்ன கவலை? ஒரு ஃபைலையே வருடாவருடம் புதுப் பெயரில் தள்ளிவிடுகிறார். வாங்கிய பிள்ளை இல்லாத திண்ணைக்கு மரியாதை செய்து டிசைன் போடுகிறது. “அனுமதி வாங்கித் தருகிறேன், உள்ளே அழைத்துப் போகிறேன்” என்று காசு கேட்பவர்களும் இதே கூட்டம்தான். வீட்டுக்காரரிடம் கல்லூரிக் கடிதத்தோடு நீங்களே போய் நின்றால் பாதிப் பேர் காப்பி கொடுத்து உட்கார வைப்பார்கள். அந்தக் கடிதத்தில் கையெழுத்து வாங்கத்தான் மூன்று வாரம் ஆகிறது. ஒரு செமஸ்டருக்குக் களப்பணி என்று இரண்டு நாள் ஒதுக்குகிற கல்லூரிகள், இந்த வரைபட வியாபாரத்தைத் தாங்களே வளர்க்கின்றன என்பது என் கருத்து.

ஒரே ஒரு விலக்கு. உங்கள் கல்லூரி சீனியர்கள் அளந்து வைத்த பழைய ஷீட் நூலகத்தில் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் அளந்தவர் பெயரையும் வருடத்தையும் உங்கள் ஷீட்டில் எழுதுங்கள். ஐந்து அளவுகளையாவது நேரில் சரிபாருங்கள்: தரைமேடை உயரம், கதவு அகலம், முதல் மாடித் தரை மட்டம், முற்றத்தின் நீளம், அறையின் இரண்டு மூலைவிட்டங்கள். பழைய வீட்டில் அறைகள் சரியான செவ்வகமாக இருக்காது. இரண்டு மூலைவிட்டமும் இம்மி பிசகாமல் சமம் என்று ஷீட் சொன்னால், டேப் பிடிக்காமல் வரைந்திருக்கிறார்கள். ஒன்று தப்பாக இருந்தாலும் ஷீட்டை மூடி வைத்துவிட்டு நீங்களே அளங்கள். மூன்று பேர், ஒரு டேப், காலை ஆறு மணி. கடை திறப்பதற்குள் ஒரு முகப்பை முடித்துவிடலாம்.

சரி, தூண். ஜூரி சிரித்தது தூணைப் பார்த்து அல்ல, வேலையில்லாத தூணைப் பார்த்து. பழைய வீட்டின் தூண் திண்ணைக் கூரையைத் தாங்கியது; கீழே ஆள் உட்கார்ந்தார். உங்கள் வாசலில் பாட்டு வகுப்புக்குக் குழந்தையை விட்டுவிட்டுக் காத்திருக்கும் அம்மாக்கள் உட்கார நாலடி நிழல் வேண்டும். அதற்குத் தூண் வையுங்கள், இரும்பில் வைத்தாலும் சரி. அக்கம்பக்கத்திலிருந்து எடுக்க வேண்டியவை மேடை உயரம், மாடிக் கோடு, கதவு ஜன்னலின் அகலம், நிழலின் ஆழம். வளைவை விட்டுவிடுங்கள். கைடு கேட்டால் இந்த நான்கையும் பக்கத்து வீட்டு எலிவேஷனோடு (முகப்பு வரைபடத்தோடு) சேர்த்து வரைந்து காட்டுங்கள்.

22 அடி மனையில் இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். பக்கவாட்டில் ஜன்னல் வரைந்தால் அங்கேயே மதிப்பெண் போயிற்று. வெளிச்சம் முற்றத்திலிருந்துதான் வரும். ஆனால் அதே முற்றம் வழியாக மிருதங்கச் சத்தம் தெருவுக்கே போகும். தாள வாத்திய அறையை முற்றத்துக்கு எதிரே வைக்காதீர்கள்.

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது. தளத்துக்குப் பத்தடி என்று மூன்று தளம் போட்டாலே 30 அடி. 9 மீட்டர் என்பது ஏறக்குறைய இருபத்தொன்பதரை அடிதான். கைப்பிடிச் சுவர், லிஃப்ட் அறை இன்னும் கணக்கில் வரவில்லை. இரண்டு தளத்தோடு நிறுத்துங்கள். “அங்கே உயரமாக லாட்ஜ் நிற்கிறதே” என்பீர்கள். நிற்கிறது. கட்டும்போது ஒருவர் கண்ணிலும் படவில்லை, உங்கள் ஷீட்டில் மட்டும் அரையடி கூடினால் எல்லோர் கண்ணிலும் படும்.

அப்புறம், சித்திரைத் தேர் ஓடுவது சித்திரை வீதியில் அல்ல, நீங்கள் கட்டப்போகும் மாசி வீதியில். பெயரைப் பார்த்து மாற்றி எழுதுபவர்கள் வருடத்துக்கு இரண்டு பேராவது இருக்கிறார்கள். தேருக்கு வழி வேண்டும்; மாடியில் தெருப்பக்கம் நீட்டும் பால்கனி இருந்தால் இன்றைக்கே அழித்துவிடுங்கள்.