மெர்க்கல் செல் புற்றுநோய்: முதலில் கீமோவா, இம்யூனோதெரபியா?

கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் உங்கள் அப்பாவின் கன்னத்துக் கட்டி மெர்க்கல் செல் புற்றுநோய் என்ற அரிய வகைத் தோல் புற்றுநோய் என்று உறுதியாகி, நுரையீரலுக்கும் பரவிவிட்டதால், செலவு குறைந்த கீமோவை முதலில் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கீமோவில் கட்டி சீக்கிரம் சுருங்கினாலும் பெரும்பாலும் சில மாதங்களில் மீண்டும் வளர்ந்துவிடுகிறது. நோயெதிர்ப்பு அணுக்களின் மீதுள்ள பிடி-1 தடையை நீக்கும் பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தை முதல் சிகிச்சையாகப் பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கட்டி சுருங்கியது, அவர்களில் பலருக்கு அந்தப் பலன் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அதனால், அவருக்கு உறுப்பு மாற்றமோ முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோயோ இல்லையென்றால், இதையே முதலில் கேளுங்கள் என்பேன்.

என் பெரியப்பாவை மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெருந்துறையிலிருந்து கோவைக்கு அழைத்துச் சென்று இதே மருந்தை ஏற்றினோம். அரை மணி நேர ட்ரிப்தான். ஐந்தாவது தவணைக்குப் பிறகு சித்திரை வெயிலில் அவர் போர்வை கேட்டார். பரிசோதித்தபோது மருந்தின் பக்கவிளைவாகத் தைராய்டு சுரப்பு குறைந்திருந்தது, மாத்திரையில் சரியானது. ஆனால் ஓயாத வயிற்றுப்போக்கோ மூச்சுத்திணறலோ வந்தால் அடுத்த தவணை வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.