டர்பன் ஆலையில் ஐந்து ஆண்டுகள்: பொறியாளர் பதவி ஏன் வரவில்லை?

கேள்வி: கோவை அருகே ஒரு கல்லூரியில் 2009-இல் மின் பொறியியல் முடித்தேன். நூற்பாலையிலும் சிமெண்ட் ஆலையிலும் ஒன்பது ஆண்டுகள் பராமரிப்புப் பிரிவில் இருந்துவிட்டு, வேலை விசாவில் தென்னாப்பிரிக்கா வந்தேன். டர்பனில் ஓர் ஆலையில் ஐந்து ஆண்டுகளாக டெக்னீஷியனாகவே இருக்கிறேன். என்னிடம் வேலை பழகியவர்கள் பொறியாளர் ஆகிவிட்டார்கள். எம்.பி.ஏ. படிக்கலாமா ஐயா? இந்தியன் என்ற முறையில் இங்குள்ள வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் எனக்கு உதவுமா?

பதில்: எம்.பி.ஏ. இப்போது வேண்டாம், தம்பி. இரண்டு ஆண்டுச் சேமிப்பு அதில் கரைந்துவிடும், பதவி மாறாது. உங்களுக்குக் குறைவது சட்டப்படி செல்லும் ஒரு கையெழுத்து.

நம் ஊர் ஆலையில் பட்டமும் வயதும் சேர்ந்தால் பொறியாளர் நாற்காலி தானாக வரும். இங்கே அப்படி வராது. 1993-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் இயந்திர விதிகள், பெரிய ஆலைகளில் இயந்திரங்களுக்குப் பொறுப்பாக அரசுச் சான்று பெற்ற பொறியாளர் ஒருவரை எழுத்துமூலம் நியமிக்கச் சொல்கின்றன. விபத்து நடந்தால் விசாரணையில் நிற்பவர் அவர். அந்தச் சான்றைத்தான் ஆலைக்காரர்கள் 'ஜி.சி.சி.' என்கிறார்கள். உங்களிடம் பழகிய இளைஞர்கள் அதையோ, பொறியியல் மன்றத்தின் பதிவையோ வாங்கியிருப்பார்கள்.

பொறியியல் மன்றம் என்பது 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி இயங்கும் 'எக்ஸா'. விசாவுக்காக, வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் அமைப்பான சாக்வாவில் பட்ட மதிப்பீடு வாங்கியிருப்பீர்கள். அது உங்கள் பட்டம் எந்த நிலைக்குச் சமம் என்று மட்டும் சொல்லும். பொறியியல் கல்வியாக அது போதுமா என்பதை எக்ஸா தனியாகப் பார்க்கும். இங்கேதான் நம்மவர்கள் பலர் இடறுகிறார்கள். பொறியியல் பட்டங்களை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014 ஜூனில்தான் முழு உறுப்பினர் ஆனது. அதுவும் இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியமான என்.பி.ஏ.யின் முதல் அடுக்கு அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கு மட்டுமே பொருந்தும். 2009-இல் முடித்த உங்கள் பட்டம் அதற்குள் வராது. ஆகவே பாடத்திட்டத்தையும் மதிப்பெண் பட்டியலையும் வைத்துத் தனிப்பட்ட மதிப்பீடு நடக்கும். 'பொறியாளர்' பிரிவுக்குப் போதாது, 'தொழில்நுட்பவியலர்' பிரிவுக்குப் போங்கள் என்று பதில் வரலாம். அதை அவமானமாக எடுத்துக்கொண்டு விண்ணப்பத்தைக் கிழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அதுவும் சட்டம் ஏற்கும் பதிவுதான்.

இரண்டில் எது? வடிவமைப்பு அலுவலகத்துக்குப் போக நினைத்தால் எக்ஸா பதிவை முதலில் பிடியுங்கள். ஆலைத் தளத்திலேயே வளர வேண்டுமானால் என் தேர்வு ஜி.சி.சி. தகுதியையும் அனுபவத்தையும் பார்த்த பிறகே தேர்வெழுத அனுமதிப்பார்கள். தாள்கள் இரண்டு: ஆலைப் பொறியியல், சட்ட அறிவு. முதல் தாளுக்கு உங்கள் பதினான்கு ஆண்டு அனுபவம் கைகொடுக்கும். இரண்டாவதில் நான் முதல் முறை தோற்றேன். இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதியதுதான் காரணம். மறுமுறை விதிகளை வரிவரியாகப் படித்தேன். யார் யாரை நியமிக்க வேண்டும், எந்த வேலைக்கு யார் பொறுப்பு என்பதை ஆலையிலேயே நடந்து நடந்து சரிபார்த்தேன். பிறகு தேறினேன்.

சமத்துவச் சட்டம் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். 1998-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் இந்தியர்களையும் பயன்பெறும் பிரிவில் வைத்திருப்பது உண்மை. ஆனால் பிறப்பாலோ வம்சாவழியாலோ இந்நாட்டுக் குடிமக்கள் ஆனவர்களையும், 1994 ஏப்ரல் 27-க்கு முன் குடியுரிமை பெற்றவர்களையும், இனஒதுக்கலால் அது மறுக்கப்பட்டவர்களையும்தான் அது கருதுகிறது. 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து வந்து நேட்டால் கரும்புக்காட்டில் உழைத்தவர்களின் வழிவந்தோருக்கு உரிய இடம் அது. நாம் நேற்று விமானத்தில் வந்தவர்கள். அதில் பங்கு கேட்பது முறையும் ஆகாது.

டர்பனில் இந்தியர்கள் மிகுந்த சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நண்பர்கள் வீட்டுக்கு இன்வெர்ட்டரும் சூரியத் தகடும் பொருத்தித் தரச் சொல்லி உங்களை அழைப்பார்கள். மின்வெட்டுக் காலத்தில் தொடங்கிய வழக்கம் இது. மின் நிறுவல் விதிப்படி இருக்கிறது என்ற சான்றிதழைத் தொழிலாளர் துறையில் பதிவு பெற்றவர் மட்டுமே தர முடியும். பி.இ. பட்டம் அதற்குச் செல்லாது. தீப்பிடித்தால் காப்பீடும் கிடைக்காமல் போகலாம். உங்கள் விசாவும் ஆபத்தில் விழும்.

ஆலைத் தளத்தில் இன்னொன்று. மும்முனை மின்சாரத்தின் மூன்று கம்பிகளை நாம் ஆர்-ஒய்-பி (சிவப்பு, மஞ்சள், நீலம்) என்பதை இங்கே சிவப்பு, வெள்ளை, நீலம் என்பார்கள். 400 வோல்ட்டோடு 525 வோல்ட் மோட்டார்களும் ஓடும். இவற்றை உங்களுக்குக் கற்றுத்தருபவர் ஆர்ட்டிசன். முறைப்படித் தொழில் பழகித் தேர்வு எழுதி வந்தவர் அவர். நம் ஊரில் வயர்மேனை 'ஏய்' என்று கூப்பிடும் பழக்கம் இங்கே வந்தால் ஒருவரும் உங்களோடு வேலை செய்யமாட்டார்கள். உங்கள் மேற்பார்வைத் திறனைப் பற்றி நிர்வாகம் முதலில் கேட்பதும் அவர்களிடம்தான்.

உடனே செய்ய வேண்டியது, பழைய ஆலைகளுக்குக் கடிதம் எழுதுவது. எந்தத் துணைமின் நிலையம், எத்தனை கே.வி.ஏ. மின்மாற்றி, யாருடைய மேற்பார்வையில், எந்த முடிவை நீங்களே எடுத்தீர்கள் என்று மாத வாரியாக எழுதி, அன்றைய மேலாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். அவர் ஓய்வு பெற்றுவிட்டால் வீடு தேடிப்போக வேண்டியிருக்கும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்தத் தாள்களைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.