லூக்கா 1:28-இல் மரியாள் 'கிருபை பெற்றவளா', 'அருள் நிறைந்தவரா'? எது சரி?

நீங்கள் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட்), வரப்போகும் மருமகள் ஆர்.சி. (கத்தோலிக்கர்), அரசரடி வீட்டில் இப்போதே ஜெபமாலையை வைத்து வாக்குவாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தப் பெண்ணிடம் திருவிவிலியத்தை வாங்கி தேவதூதன் மரியாளை வாழ்த்தும் அதே வசனத்தைப் பாருங்கள். 1995-இல் வந்த அந்தப் பொது மொழிபெயர்ப்பில் 'அருள்மிகப் பெற்றவரே' என்றுதான் இருக்கிறது. 'அருள் நிறைந்த மரியே' என்பது ஜெபமாலையில் திரும்பத் திரும்பச் சொல்லும் செபத்தில் வருவது. அதற்கு மூலம் லத்தீன் வேதாகமத்தின் 'கிராசியா ப்ளேனா'. அந்த வீட்டுப் பாட்டிமார் இதையே 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே' என்று சொல்லியிருப்பார்கள்.

லூக்கா எழுதிய கிரேக்கச் சொல் 'கெகாரிதோமெனே'. 'நிறைந்த' என்று தனிச்சொல் அதில் கிடையாது. ஆனால் உங்கள் பைபிளில் உள்ள 'கிருபை பெற்றவளே' என்பதும் கொஞ்சம் குறைவுதான். 'சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறது' என்கிறோமே, அந்த மாதிரி வினை அது. அடித்தாயிற்று, வெள்ளை இன்னும் இருக்கிறது. எந்த வருஷம் அடித்தார்கள் என்பதை மட்டும் அந்த வினை சொல்லாது. மரியாளுக்கு அந்த அருள் எப்போது கிடைத்தது? சண்டையே அந்த 'எப்போது' பற்றித்தான். தாயின் வயிற்றில் கருவான கணத்திலேயே ஜென்மப் பாவம் தீண்டாமல் காக்கப்பட்டார் என்று போப் ஒன்பதாம் பயஸ் 1854-இல் விசுவாசப் பிரகடனம் செய்தார். 13-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியல் அறிஞர் தோமா அக்வினாவோ, கருவான பிறகே அவர் தூய்மையாக்கப்பட்டார் என்று எழுதியிருந்தார்.

உங்கள் பக்கத்தில் வழக்கமாகச் சறுக்கும் இடம் இரண்டு. எபேசியர் 1:6-இல் அதே வினை எல்லா விசுவாசிகளுக்கும் வருகிறது என்பீர்கள். வருகிறது, ஆனால் அங்கே 'அடித்தார்' என்ற சாதாரண இறந்தகாலம், 'அடித்திருக்கிறது' இல்லை. அடுத்து, 'ஸ்தேவானும் அருள் நிறைந்தவர்தானே' என்று யாரோ சொல்லிக்கொடுப்பார்கள். அப்போஸ்தலர் 6:8-ஐ உங்கள் பழைய பைபிளில் திறந்தால் 'விசுவாசத்தினாலும்' என்று இருக்கும்! மூலப்பிரதிகள் வேறுபடுகின்றன, திருவிவிலியத்தில்தான் 'அருள்'.

என் கணிப்பில் இலக்கணத்தைவிட ஆழமான இடம் 'கிருபை'தான். உங்களுக்கு அது தேவன் காட்டும் தயவு, தகுதியில்லாமல் கிடைப்பது; தயவைப் பெறலாம். அவர்களுக்கு அதோடு, ஆன்மாவுக்குள் ஊற்றப்பட்டு ஆளையே மாற்றும் கொடையும்கூட, ஊற்றியது நிறையும். 'பெற்றவள்', 'நிறைந்தவர்' இரண்டும் அங்கிருந்து முளைத்தவை.

லூக்கா 1:47-ஐ வைத்து, 'இரட்சகர் தேவை என்று மரியாளே பாடினாளே' என்று மடக்கப் பார்க்காதீர்கள். ஆமாம், கிறிஸ்துவின் புண்ணியத்தால்தான், ஆனால் பாவத்தில் விழுவதற்கு முன்பே தாங்கப்பட்டார் என்று ஆர்.சி. தரப்பு பதில் வைத்திருக்கிறது. 1854 பிரகடனத்திலேயே அது இருக்கிறது.