ஒன்றேகால் லிட்டருக்காக பத்மினியை விற்காதீர்கள்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூரில் வசிக்கிறேன். ஓய்வூதியம் 28,000 ரூபாய். அப்பா வாங்கிய 1986 பிரீமியர் பத்மினியை மாதம் 200 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்த வண்டி, எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் இறங்கிவிட்டது. அதை விற்று, 5 லட்சம் கடனில் புதுக் கார் வாங்கலாமா? அதுவரை கோபாலபுரம் எல்லைக்கு 40 கிலோமீட்டர் போய்வந்து, தமிழ்நாட்டு பங்க்கில் பெட்ரோல் போட்டால் மிச்சமாகுமா?

பதில்: விற்க வேண்டாம் ஐயா. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. 20 சதவீதம் கலக்கும்போது பழைய கார்களின் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருக்கிறது. உங்கள் கணக்கில் அது மாதம் ஒன்றேகால் லிட்டர். லிட்டர் 107 ரூபாய் என்றாலும் கூடுதல் செலவு 135 ரூபாயைத் தாண்டாது. கடனுக்கோ, 9 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளுக்கு மாதம் சுமார் 10,380 ரூபாய் தவணை கட்டவேண்டும். ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதற்கே போய்விடும். இந்த வயதில் அந்தச் சுமையை நீங்கள் ஏற்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எல்லை தாண்டுவதும் நஷ்டம்தான். கேரளத்தில் வரி அதிகம். 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்புக் கூடுதல் வரியும் சேர்ந்தது. விலை வித்தியாசம் 6 ரூபாய் என்று வைத்தால் 20 லிட்டருக்கு 120 ரூபாய் மிச்சம். அதற்காக 40 கிலோமீட்டர் ஓடினால் மூன்றரை லிட்டர், அதாவது 375 ரூபாய் எரிந்துவிடும். பொள்ளாச்சிக்கு வேறு வேலையாகப் போகும் நாளில் நிரப்பிக்கொள்ளுங்கள். 100 ஆக்டேன் என்று விற்கும் உயர்ரகப் பெட்ரோலும் தேவையில்லை; குறைந்த அழுத்தத்தில் இயங்கும் பத்மினி என்ஜினுக்கு அந்த ஆக்டேனால் பயன் கிடையாது, விலையோ மிக அதிகம்.

உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் என்னும் சவ்வு, கார்புரேட்டர் கேஸ்கெட் ஆகியவை எத்தனாலில் ஊறிக் கெடும். ஹோஸ் கசிந்தால் சூடான என்ஜின்மேல் பெட்ரோல் சொட்டும். தீப்பிடிக்கும் ஆபத்து இது, இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். எத்தனாலைத் தாங்கும் ஹோஸாக மாற்றச் சொல்லுங்கள். தொட்டியில் படிந்திருந்த அழுக்கையும் எத்தனால் கரைத்துக் கொண்டுவரும் என்பதால் பில்டரை முதல் சில மாதங்களில் அடிக்கடி பாருங்கள். என்ஜின் திணறினால் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டைச் சற்றுப் பெரிதாக மாற்றுவது பழைய மெக்கானிக்குகளுக்குத் தெரிந்த வேலைதான். மதிப்பீட்டை மட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். 20 ஆண்டு தாண்டிய கார்களுக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் இந்தச் செலவோடு சாலை வரியும் காப்பீடும் உண்டு. இவற்றுக்காக வைப்புத்தொகையை உடைக்காமல், வங்கியில் மாதம் 1,000 ரூபாய்க்கு ஓராண்டு ஆர்.டி. (தொடர் வைப்பு) தொடங்குங்கள். அஞ்சலக ஆர்.டி. ஐந்து ஆண்டுக் கணக்கு, அவசரத்துக்கு உதவாது.

எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், மழை மாதங்களில் வண்டியை நிறுத்திவைப்பதானால் அரைத் தொட்டியோடு விடாதீர்கள். முழுக்க நிரப்புங்கள், வாரம் ஒருமுறை கொழிஞ்சாம்பாறை வரையாவது ஓட்டிவாருங்கள்.