பசுமைச் சான்றிதழுக்காகக் கூடுதல் விலை கொடுக்கலாமா?

கேள்வி: சிங்கப்பூரில் மறுவிற்பனைக்கு வந்துள்ள மூன்று படுக்கையறைக் கூட்டுரிமை வீடு ஒன்றை நானும் என் மனைவியும் பார்த்து வைத்திருக்கிறோம். 2012-ல் கட்டடத்துக்கு ‘கிரீன் மார்க்’ என்ற பசுமைச் சான்றிதழில் ‘கோல்டு பிளஸ்’ நிலை கிடைத்ததாகவும், அதனால் மின்கட்டணம் குறையும் என்றும் சொல்லி, முகவர் விலையைச் சற்று உயர்த்திக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: முதலில் அந்தச் சான்றிதழ் இன்றும் நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். சிங்கப்பூரின் கட்டட, கட்டுமான ஆணையம் 2005-ல் தொடங்கிய இச்சான்றிதழ்த் திட்டத்தில், மூன்றாண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு செய்தால்தான் தகுதி நீடிக்கும். எனவே சான்றிதழின் நகலையும் கடைசி மறுமதிப்பீட்டுத் தேதியையும் கட்டட நிர்வாகத்திடம் கேளுங்கள். 2008 முதல், 2,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் தளப்பரப்புள்ள புதிய கட்டடங்கள் குறைந்தபட்சப் பசுமைத் தரத்தை எட்டுவது சட்டப்படி கட்டாயம். ஆகையால் ‘பசுமைக் கட்டடம்’ என்ற சொல்லுக்கு மட்டும் தனி விலை கிடையாது. கோல்டு பிளஸ், பிளாட்டினம் போன்ற உயர்நிலைகளைப் பற்றித்தான் பேச்சுக்கு இடமுண்டு.

இன்னொன்றையும் வாங்குவோர் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்: சான்றிதழ் கட்டடத்துக்குத்தான், உங்கள் வீட்டுக்கு அல்ல. வெளிச்சுவர், சன்னல் வழியே உள்ளே வரும் வெப்பத்துக்குச் சதுர மீட்டருக்கு 25 வாட் என்று வகுக்கப்பட்ட வரம்பு, கட்டடத்தின் எல்லாப் பக்கங்களையும் சேர்த்துக் கணக்கிடும் சராசரி என்பதால், வடக்கு, தெற்கு பார்த்த வீடுகள் குளிர்ச்சியாக இருந்து, மேற்கு பார்த்த வீடு வெயிலில் வெந்தாலும் கட்டடம் தேறிவிடும். வீடு பார்க்கக் காலையில் போகாமல் பிற்பகல் நான்கு மணிக்குப் போய், படுக்கையறையின் வெளிச்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சுவர் சுட்டால், அந்தச் சூட்டை இரவில் அது அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். குளிர்சாதனம் விடியும்வரை அதனோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். சன்னலுக்கு மேல் வெயில் மறைப்பு இருக்கிறதா, எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்தால் காற்று ஓடுகிறதா என்பதையும் அப்போதே கவனியுங்கள்.

மின்தூக்கி, கார் நிறுத்துமிடக் காற்றோட்டம், பொதுவிளக்கு, நீர்ப்பம்பு ஆகியவற்றின் சேமிப்பு உங்கள் சொந்த மின்கட்டணத்தில் அல்ல, பராமரிப்புக் கட்டணத்தில்தான் தெரிய வேண்டும். அங்கே தெரியாவிட்டால், நிர்வாகத்திடம் காரணம் கேட்பது நியாயமே.

வீட்டுக்குள் இருப்பவை வேறு கணக்கு. குளிர்சாதனத்தின் மின்சிக்கன ஒட்டுவில்லையில் எத்தனை ‘டிக்’ குறி உள்ளன என்று பாருங்கள், ஐந்துதான் உச்சம். முந்தைய உரிமையாளர் பழைய, குறைந்த தரக் கருவியையே வைத்திருந்தால், மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம். விற்பவரிடம் கடந்த பன்னிரண்டு மாத மின்கட்டண ரசீதுகளைக் கேளுங்கள். எத்தனை பேர் குடியிருந்தார்கள், பகலில் யாரேனும் வீட்டில் இருந்தார்களா என்றும் விசாரியுங்கள். ரசீதைக் காட்டத் தயங்குகிறவருக்கு, சான்றிதழின் பெயரில் ஒரு வெள்ளிகூடக் கூடுதலாகத் தர வேண்டாம்.